தங்கவயலின் மூத்தகுடி

கோலார் தங்கவயலின் வரலாற்றைச் சொல்ல வருகிற யாரும் ஒரு மாட்டுவண்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வண்டியில் இருப்பவர் மைக்கேல் லவேல். நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டுப் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஓய்வாகக் குடியேறிய ஐரிஷ்காரர். பழைய ஏடொன்றில் தங்கம் பற்றிய குறிப்பைப் படித்து, 1871-ல் கோலார்ப் பக்கம் போய்ப் பார்த்து, மைசூர் அரசுக்கு மனுப்போட்டு, 1875-ல் இருபது ஆண்டு உரிமம் வாங்கினார். இரண்டே ஆண்டில் உரிமத்தைக் கைமாற்றிவிட்டார். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. அதன் பிறகு எழுதப்பட்ட கதை முழுக்க அந்த நிறுவனத்தின் கதை. எட்கர், ஹென்றி, ஓக்லி, புல்லன், கிஃபர்ட் என்று பூமிக்குள் இறங்கிய குழிகளுக்கெல்லாம் துரைமாரின் பெயர்கள். ஊரின் முன்னோடிக் குடும்பங்கள் எவை என்று கேட்டால், பெயர்ப்பலகைகளைப் படித்தே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அந்தப் பதில் தவறு என்பது என் வாதம். ஓர் ஊருக்கு மூத்தகுடி என்று யாரையாவது சொல்வதானால், முதலில் வந்தவர் யார், அதிகம் பணயம் வைத்தவர் யார், கடைசிவரை நின்றவர் யார் என்று மூன்று கணக்குப் பார்க்க வேண்டும். தங்கவயலில் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் விடை லண்டன் பக்கம் போகவில்லை. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துச் சேரிகளுக்குத்தான் போகிறது.

லவேல் படித்த குறிப்பு ஜான் வாரன் எழுதியது. திப்பு வீழ்ந்தபின் மைசூர் எல்லையை அளக்க 1802-ல் வந்த ராணுவ அதிகாரி அவர். மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டு, கொண்டுவந்து காட்டுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் கிராமத்தார் வண்டியில் மண்ணேற்றி வந்து அவர் கண்ணெதிரிலேயே அலசிக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், குழிக்குள் இறங்கி வேலை நடப்பதை அவர் நேரில் பார்த்தார். ஆண்கள் உள்ளே கல் வெட்டிக் கூடையில் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். பெண்கள் பாறைமேல் வைத்து அதை இடித்துத் தூளாக்குவார்கள். பிறகு கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசல். இந்த வேலையைச் செய்தவர்கள் பறையர் என்பதையும் வாரனே எழுதி வைத்திருக்கிறார். ஆக, லவேல் கண்டுபிடித்தது வாரனின் கட்டுரையை. வாரன் கண்டுபிடித்தது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த சில குடும்பங்களை. அந்தக் குடும்பங்களுக்கும் முந்தைய கைகள் அங்கே இருந்திருக்கின்றன. பழைய குழிகளில் முட்டுக்கொடுத்திருந்த மரத்துண்டுகளைப் பிற்காலத்தில் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வயது வந்தது.

இதை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாது. கம்பெனி பிழைத்ததே இந்தப் பழங்குழிகளால்தான். 1880-களின் தொடக்கத்தில் மைசூர் மைன் கம்பெனியின் முதலில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. தங்கமென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. மிச்சப் பணத்தையாவது பிரித்துக்கொண்டு கடையைக் கட்டிவிடலாம் என்று பங்குதாரர்கள் நெருக்கினார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று டெய்லர் அவர்களை இணங்க வைத்தார். சுரங்க மேலாளர் கேப்டன் பிளம்மர், பெயர் தெரியாத யாரோ விட்டுப்போன குழிகளின் அடியைத் தொடர்ந்து இறங்கியபோதுதான் சாம்பியன் என்று பின்னால் பெயர் பெற்ற படிவம் அகப்பட்டது. பிளம்மரின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கே தோண்டுவது என்ற கேள்விக்கு விடையைத் தரையிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் வேறு ஆட்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

படிவம் கிடைத்ததும் ஆள் வேண்டியிருந்தது. 1891 கணக்கெடுப்பில் தங்கவயலில் இருந்தவர்கள் 7,085 பேர். பத்தே ஆண்டில், 1901-ல், அது 38,204. இடையில் 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருபேட்டை) மாரிக்குப்பத்துக்குப் பத்து மைல் ரயில்பாதை போட்டார்கள். இந்தப் பெருக்கத்தின் மிகப் பெரிய பங்கு அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும், சேலம், தென்னாற்காடு பக்கங்களிலிருந்தும் வந்தது. 1876-78 பஞ்சத்தில் அடிவாங்கிய அதே நிலப்பரப்பு. சித்தூர் அப்போது வட ஆர்க்காட்டில் அடக்கம் என்பதால் தெலுங்கு பேசியவர்களும் அதில் உண்டு. ஆனால் பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசிய ஆதிதிராவிடர்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஊரூராகப் போய் ஆள் கூட்டிவந்தார். வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது தட்டி வீடு. மூங்கிலைப் பிளந்து முடைந்த தட்டிதான் சுவர். அதன்மேல் மண் பூசிக்கொள்வது, சாணி மெழுகுவது, அடுப்புக்கு மூலை ஒதுக்குவது, மழைக்கு முன் கூரையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் குடியிருப்பவர் பாடு. ஒரே ஒரு அறை. அதற்குள் ஒரு குடும்பமும், பல நேரங்களில் ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய உறவினர் ஓரிருவரும். இப்படி வரிசை வரிசையாக எழுந்தவற்றுக்கு ‘லைன்’ என்று பெயர். கம்பெனி கணக்கில் இவை தொழிலாளர் தங்குமிடம். ஆனால் கல்யாணமும் பிள்ளைப்பேறும் சாவும் கோயில் கொடையும் நடந்த இடத்தைத் தங்குமிடம் என்று சொல்வது தமிழில் பொருந்தாது.

முதல் மறுப்பு முதலைப் பற்றித்தான் வரும். லண்டன் பணம் இல்லையென்றால் பழங்குழிகள் பழங்குழிகளாகவே இருந்திருக்கும், ஊரே வந்திருக்காது என்பார்கள். உண்மை. கூடையும் உலக்கையும் கொண்டு மூன்று கிலோமீட்டர் இறங்க முடியாது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவந்தது அன்றைக்கு உலகமே வியந்த காரியம். திவான் சேஷாத்ரி ஐயரின் துணிச்சலும் சுரங்கக் கம்பெனிகள் கொடுத்த வாடிக்கையாளர் உறுதியும் இல்லாமல் அது நடந்திருக்காது. பெங்களூர்த் தெருவிளக்குகளே அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் எரிந்தன. பாலாற்றைப் பேத்தமங்கலத்தில் பிடித்துக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். 1905-ல் ஆறு லட்சம் அவுன்ஸுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள்; பிறகு எந்த ஆண்டும் அந்த அளவு வரவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின் கேட்கவேண்டியது வேறு: முன்னோடி என்ற சொல்லுக்குள் பணயம் என்ற பொருள் அடங்கியிருக்கிறதல்லவா, யார் எதைப் பணயம் வைத்தார்கள்? பங்குதாரர் வைத்தது பங்கின் விலையை. சட்டமே அதற்கு மேல் அவர் இழக்க முடியாதபடி பார்த்துக்கொண்டது. கீழே இறங்கியவருக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டர் ஆழம் தொட்டது. அங்கே பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டும். மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். பொறியாளர்கள் ‘ராக் பர்ஸ்ட்’ என்று எழுதியதை லைன்களில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்றார்கள். வீட்டில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். ஷிஃப்டில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். இது கண்ணுக்குத் தெரிந்த சாவு. தெரியாதது நெஞ்சுக்குள் படிந்த பாறைத்தூள். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்த மருத்துவர்கள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருப்பதைக் கண்டார்கள். இந்தக் கணக்கை எந்த ஈவுத்தொகை அறிக்கையோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. பஞ்சம் துரத்த, மேஸ்திரி இழுக்க வந்தவர்களை முன்னோடி என்று சொல்லலாமா? முன்னோடிக்குச் சொந்தமாக ஒரு தீர்மானம் வேண்டாமா? இந்தக் கேள்வியில், ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, யோசனை கிடையாது என்ற பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறது. பஞ்சம் 1878-ல் முடிந்துவிட்டது. பெருங்கூட்டம் வந்தது அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. அவர்களில் பலர் விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போய்விட்டு மறுபடி வந்தார்கள். ஆள் நிலையாக நிற்பதில்லை என்பது கம்பெனிகளின் தீராத புலம்பல். லைன் கட்டியதே அவர்களைக் குடும்பத்தோடு நிறுத்தி வைக்கத்தான். போகவும் வரவும் தெரிந்தவர்கள், இரண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்திருக்கிறார்கள். ஊரில் பண்ணையாள் வேலை, தானியக்கூலி, தெருவில் செருப்புப் போட முடியாத நிலை. இங்கே கையில் காசு, சங்கு ஊதினால் வேலை முடிவு, சம்பளநாளில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு. மேஸ்திரியின் கடனும் சாராயக்கடையும் அந்தக் காசில் பெரும்பகுதியை வழித்துக்கொண்டன என்பதும் உண்மைதான். இருந்தும் ஆண்டைக்கு முன்னால் நிற்பதையும் மேனேஜருக்கு முன்னால் நிற்பதையும் அவர்கள் ஒன்றாகக் கருதவில்லை. பூமிக்கடியில் இறங்குவதையே மேலான வழியாகத் தேர்ந்தார்கள் என்றால், மேலேயிருந்த ஊர் அவர்களை எப்படி நடத்தியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்தது பெயர்கள். முன்னோடிக் குடும்பம் என்றால் பெயர் சொல்ல வேண்டாமா என்று கேட்டால், இந்த வாதத்தின் பலவீனமான இடத்தில் கைவைத்தது போலிருக்கும். துரைமாருக்குக் கல்லறைக் கல்வெட்டு உண்டு, கிளப் பதிவேடு உண்டு. கூலிக்கு மேஸ்திரியின் கணக்கில் ஒரு வரி. ஆவணங்கள் மறந்த பெயர்களை மீட்டெடுக்க வேண்டும் என்று எழுதி இங்கே முடித்துவிடுவது எளிது. ஆனால் 1930 அதைக் குழப்பிவிடுகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் கம்பெனிகள் ஒரு பதிவுத்திட்டம் கொண்டுவந்தன: ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை வைத்துப் பதிந்துகொண்டால்தான் வேலை. தங்கவயல் கொதித்தெழுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். அப்போது அங்கே தொழிற்சங்கம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஏன் அவ்வளவு கோபம்? பதிவேட்டில் ஏறுவது என்றால் அகப்பட்டுக்கொள்வது. ஒரு சுரங்கத்தில் சண்டை போட்டு வெளியேறியவர், இன்னொரு பெயரில் பக்கத்துச் சுரங்கத்தில் சேர்ந்துகொள்ள அதுவரை வழி இருந்தது. கைரேகை அந்த வழியை அடைத்துவிடும். இதோடு 1897-ன் மைசூர் சுரங்கச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கையில் தங்கம் கலந்த பொருள் ஏதாவது இருந்தால், அது திருட்டல்ல என்று வைத்திருப்பவரே நிரூபிக்க வேண்டும் என்று வைத்த சட்டம் அது. சட்டம் திருடராகப் பார்த்த ஒரு ஜனம், குற்றவாளியிடம் எடுப்பதுபோல் ரேகை எடுக்க வந்தால் வேறென்ன செய்யும்? ஆகவே ஆவணத்தில் பெயர் இல்லாததை முழுக்க முழுக்கப் பறிபோன ஒன்றாக நான் எண்ணவில்லை. ஓரளவுக்கு அவர்கள் பொத்திப் பாதுகாத்த ஒன்று. முன்னோடிகளின் பட்டியலைக் கம்பெனிக் காகிதத்தில் தேடுவது, அவர்கள் நிற்க மறுத்த இடத்தில் போய் அவர்களைத் தேடுவதாகும்.

நிற்க விரும்பிய இடத்தில் பெயர்களோடு நின்றிருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் வேர்விட்ட இடங்களில் தங்கவயல் முக்கியமானது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் வந்தன. 1907-ல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தாங்கியதில் சுரங்கத் தொழிலாளரின் சந்தாவுக்கும் நன்கொடைக்கும் பெரிய பங்கு உண்டு. பண்டிதர் 1914-ல் மறைந்தபின் தள்ளாடி நின்றுபோன ‘தமிழன்’, 1926-ல் தங்கவயலிலிருந்தே மறுபடி வந்தது, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. இன்று அயோத்திதாசர் ஆய்வு என்று பல்கலைக்கழகங்களில் நடப்பதற்கு, எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு வந்தவர்கள் கொடுத்த காசு அடியில் கிடக்கிறது. எழுத்தறிவில்லாத கூலிக்கூட்டம் என்ற விவரணைக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. இந்தச் சங்கங்களும் இரவுப்பள்ளிகளும் பழக்கிய பேச்சும் வாசிப்பும் இருந்த இடத்தில்தான் 1940-களில் கம்யூனிஸ்டுகள் கே.எஸ். வாசனின் தலைமையில் சங்கம் கட்ட முடிந்தது. 1946 நவம்பர் 4-ல் போலீஸ் தாக்குதலில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தார்கள். அந்த நாளைத் தியாகிகள் நாளாக ஊர் வைத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின்வந்த தேர்தல்களில் இந்தச் சின்ன ஊர் மாறிமாறிக் கம்யூனிஸ்டுகளையும் அம்பேத்கர் வழிக் கட்சியினரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

இதைத் தமிழர் கதையாக மட்டும் குறுக்குகிறேன் என்று யாராவது சொன்னால், அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. நான் சொன்ன அளவுகோலில் நிற்கிறவர்கள் வேறு மொழியிலும் நிறத்திலும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் தகரச் சுரங்கங்கள் படுத்தபோது பிழைப்புத் தேடி வந்த வேலைக்காரர்களும் கூலிக்காரர்கள்தான். கூலி பல மடங்கு அதிகம், பங்களா உண்டு, சாவு ஒன்றே. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை இங்கே வேர்விட்டுவிட்டு, 1947-க்குப் பிறகு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிதறின. கேரளத்து முஸ்லிம்கள், தெலுங்கர், காவலுக்கு வந்த பஞ்சாபியர் என்று லைன்களில் எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் உரிகம், மாரிக்குப்பம் கிராமத்தார் இருந்தார்கள். அவர்களுடைய மேய்ச்சலும் புலமும் உரிம எல்லைக்குள் போயின. இந்தக் கன்னட, தெலுங்கு, தமிழ் எல்லைநிலத்தில் யார் மண்ணின் மைந்தர் என்ற கேள்வி பிற்காலத்தில் கசப்பாகவும் எழுந்தது. அந்தச் சண்டையில் சேர எனக்கு ஆர்வமில்லை. யார் முதலில் வந்தார் என்பது மூன்று கணக்கில் ஒன்று மட்டுமே. மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் லைன் வீடுகளே எண்ணிக்கையில் முந்துகின்றன, அதில் பெரும்பாலான வீடுகளில் தமிழ் பேசினார்கள்.

நின்றவர் யார் என்ற மூன்றாவது கணக்குக்கு 1956 நவம்பர் நல்ல அடையாளம். மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது; ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகம் எழுபத்தாறு ஆண்டோடு முடிந்தது. அதற்குள் வளமான பாறை தீர்ந்துவிட்டது. ஆரம்ப நாளில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில் கடைசிக் காலத்தில் மூன்று கிராம்கூடத் தேறவில்லை. 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ், 2001-ல் மூடல். எடுத்த தங்கம் மொத்தம் ஏறக்குறைய 800 டன். லாபமாக வெளியே போனது தனி, மைசூர் அரசு ராயல்டியாகப் பெற்றது தனி. ஊருக்கு மிஞ்சியது பதின்மூன்று சயனைடு மண்மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றுக் காலத்தில் அந்தச் சாம்பல்நிறத் தூள் லைன் வீடுகளின் கொடியில் காயும் துணிமேலும் தண்ணீர்க் குடத்திலும் வந்து படியும். ஊர் பேரில் ஓடிய கன்னடப் படத்தின் சண்டைக்காட்சிகளுக்கு அந்த மேடுகள் பின்னணியாயின. ‘தங்கலான்’ படம் ஒன்றுதான் வட ஆர்க்காட்டிலிருந்து நடந்துவந்த ஆட்களை நடுவில் நிறுத்தியது. சுரங்கம் மூடினால் ஊர் காலியாகும் என்பது உலகெங்கும் நடப்பு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அப்படிக் காலியான பொன்னூர்களைச் சுற்றுலாத் தலமாக வைத்திருக்கிறார்கள். தங்கவயல் காலியாகவில்லை. நான்காம் ஐந்தாம் தலைமுறை அதே லைன்களில் இருக்கிறது. மூங்கில் தட்டி போய்ச் செங்கல்லும் தகரமும் வந்திருக்கின்றன. கீழே போகும் கேஜ் நின்றுவிட்டதால் வேலை பெங்களூரில். இருட்டு விலகுமுன் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் சாப்பாட்டுத் தூக்கோடு இடம்பிடித்து, பங்காருபேட்டை வரைக்குமான பழைய பத்து மைலைக் கடந்து, கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் கணினி அலுவலகங்களுக்கும் போய்விட்டு, ராத்திரி லைனுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.